ஒரு நிமிடத்துக்குக் குறைந்த பாடல்கள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு மலைப்பாதைப் பயணம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் மூலம், ஒரு மியூசிக் பிளேயரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி: ‘60 விநாடிக்குக் குறைவான ஒலிகளை மறை.’

ஆலங்காயத்தில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் என் சித்தப்பா, “மோட்டார நிறுத்திட்டியா?” என்று காதுக்குள் கேட்டார். எப்போதோ அனுப்பிய குரல் செய்தி. பிளேயர் அதையும் பாட்டுக் கணக்கில் சேர்த்திருந்தது. திரையில், பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்தில், ‘அறியப்படாத கலைஞர்’ என்றிருந்தது. என் சித்தப்பாவை அதற்கு முன் யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை.

அந்த வரியைத் தொட்டால் சித்தப்பா மறைந்துவிடுவார். நான் தொடவில்லை. தொடக்கூடிய ஒருத்தியை யோசிக்க ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பனி பெய்யும் அந்த நகரத்தில், ஓவர்கோட்டின் காலரை உயர்த்திக்கொண்டு ஒருவன் பாலத்தின் மேல்

(இத்தோடு விட்டுவிட்டேன். நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யாராவது பாலத்தின் மேல் நின்றால் ஏதாவது நடந்தே தீரும். எங்கள் பக்கம் பாலத்தின் மேல் நிற்பவர்கள் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: ‘சரிதாவின் தையல் மிஷின் ஓட வேண்டுமென்றால் கூடவே பாட்டும் ஓட வேண்டும்.’

இது நின்றது. இதிலிருந்தே போகலாம்.

3

சரிதாவின் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கிறது. பெயர் வைக்கவில்லை, வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் சரிதா எந்த வூடு என்று கேட்பார்கள். அவள் வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ரவிக்கை, பள்ளிக்கூட யூனிபாரம், பழைய பேண்டுக்கு ஜிப். கணவன் சதீஸ்குமார் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறான். இருக்கும் கொஞ்சம் நிலத்தில் சாமை போட்டது போக, மீதி நாளுக்கு மில் என்று போனவன். இப்போது மில் போக மீதி நாள் என்று எதுவும் அவனிடம் இல்லை.

அந்த ஊரில் டவர் கிடையாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘போனுக்கு டவர் காட்றது’ என்று பெயர்.* ஜமுனாமரத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கும் அருணா காலை பஸ்ஸில் போகும்போது, ஆளுக்கொரு போனை அவளுடைய மஞ்சள் பையில் போட்டு அனுப்புவார்கள். பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் டவர் பிடிக்கும். பைக்குள் எல்லாப் போனும் ஒரே நேரத்தில், பட்டி திறந்துவிட்ட ஆடுகள் மாதிரி, சத்தம் போடும். வந்திருக்கும் குரல் செய்திகளை அருணா அங்கேயே போட்டுக் கேட்பாள். அவசரம் என்றால் பதில் சொல்ல வேண்டுமே. பஸ்ஸும் கேட்கும். மாலையில் போன்கள் செய்தியோடு வீட்டுக்கு வந்துவிடும்.

*(குழந்தையை டாக்டரிடம் காட்டுவது மாதிரி. இந்த வழக்கத்தை நான்தான் இட்டுக்கட்டினேன். ஆனால் இப்படி ஒரு வழக்கம் இல்லையென்றால் அது மக்களின் தவறு.)

சரிதா வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் போனை அனுப்புவாள்; மற்ற நாள் அது மிஷின் மேல் பாட வேண்டும். அதில் வருவது எப்போதும் ஒன்றுதான். “சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?” சில நாள், “மழையா அங்க?” எல்லாம் ஐந்தாறு விநாடி.

4

பிரச்சினை செல்லியம்மாளின் ரவிக்கையில் தொடங்கியது.

செல்லியம்மாள் அளவு கொடுக்கக் கையை விரித்து நிற்கிறார். மிஷின் மேல் போன் பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிகிறது. அடுத்து, பழைய செய்திகளில் ஏதோ ஒன்று:

“சாப்ட்டியா?”

“ஆச்சு தம்பி,” என்றார் செல்லியம்மாள், விரித்த கையோடு. “இன்னா சரிதா, உன் வூட்டுக்காரன் வந்துட்டானா? சொல்லவே இல்ல?”

“வரலங்க. அது போனு.”

“போனா! போனு எதுக்கு என்னிய கேக்குது?”

சரிதா சிரிக்கவில்லை. போன சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில் நின்று அவனுக்குப் போன் போட்டிருந்தாள். “எப்ப வர்ற?” என்று கேட்டாள். “சொல்றேன்,” என்றான். போன பொங்கலுக்குக் கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவள் அவனுக்குப் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். ஆனால் பிளேயர் நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை, இரண்டு பாட்டுக்கு நடுவே, அவன் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

5

மறுநாள் சரிதா போனைப் பையில் போட்டு அனுப்பினாள். மாலையில் அருணா அதில் மூன்று ஆப்களை இறக்கிக்கொண்டு வந்தாள்.

(இந்தப் பகுதியைத்தான் முதலில் எழுதினேன். இது கதையே இல்லை, கடைப் பேச்சு என்று தோன்றியது. ஆனால் ஒரு பெண் தன் கணவனின் குரலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடம் கடைப் பேச்சு மாதிரி இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?)

“இது மொதோ ஆப்புக்கா. பாட்டுக்குப் பாட்டு வெளம்பரம் வரும். நம்ம ஊர்ல டவர் இல்லியா, வெளம்பரம் வர வழியில்லாம வெள்ளப் பொட்டி மட்டும் வந்து நிக்கும்.”

“போவாதா?”

“அதுவா போவாது. அது வெளம்பரத்துக்காகக் காத்துனு இருக்கும்.”

காத்திருக்கும் எதையும் சரிதாவுக்கு அப்போது பிடிக்கவில்லை. “அத்த வுடு.”

“இது ரெண்டாவது. இதுல சவுண்ட மாத்தலாம். ராக், ஜாஸ், கிளாசிக்கல், டான்ஸ். டான்ஸ் போட்டா மிஷின் சத்தத்தயும் மீறிக் கேக்கும்.”

டான்ஸ் போட்டார்கள். இரண்டு பாட்டு நன்றாக அதிர்ந்தது. பிறகு சதீஸ்குமார், அதே அதிர்வோடு, மழையா என்று கேட்டான்.

“மூணாவது இன்னா?”

“இதுல ஒண்ணுமே இல்லக்கா. கலரு கூட நல்லால்ல. ஆனா இங்க பாரு. ஒரு நிமிஷத்துக்குக் கொறஞ்சதெல்லாம் மறச்சிடும். டிக்கு போட்டா சதீசு மாமா போயிடுவாரு.” அருணா விரலை எடுத்துக்கொண்டாள். “நீயே போடு. நாளைக்கு என்னியச் சொல்லாத.”

சரிதா டிக் போட்டாள். “ஒரு நிமிஷம் பேசுனா வரட்டும்,” என்றாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நிமிஷம் சேர்ந்தாப்ல பேசுனது இல்ல அந்த ஆளு.”

6

இங்கே எனக்கு சதீஸ்குமார் மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் ஏன் ஐந்து விநாடிக்கு மேல் பேச மாட்டான்? நான் படித்த நாவல்களில் பேசாத ஆண்கள் போருக்குப் போய் வந்திருப்பார்கள். இவன் நூல் மில்லுக்குப் போயிருக்கிறான். கல்நெஞ்சக்காரன் என்று எழுதிப் பார்த்தேன். கல்நெஞ்சக்காரன் தினமும் ஏன் சாப்பாட்டை விசாரிக்க வேண்டும்? அடித்துவிட்டேன்.

அவன் வாயைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் அவனை மில்லிலேயே விட்டுவிட்டு ஆலங்காயத்துக்கு வந்தேன்.

ஆலங்காயத்தில் சரிதாவின் அத்தை திரௌபதி இருக்கிறார். அவருக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு அறை காலியாகிறது. மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வா, கடையும் வீடும் ஒன்றாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சொல்லவில்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். “அவன் வருவான் வருவான்னு வூட்டப் பெருக்கினு இருக்கப் போறியா?” என்றும் கேட்டிருந்தார்.

அவன் திரும்பி வருவானென்றால் மலை மேல் வீட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வர மாட்டானென்றால் பூட்டிவிட்டு இறங்கிவிடலாம். சரிதாவுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். இது ஒன்றைத்தான் அவன் சொல்லாமல் இருந்தான்.

மூன்றாவது ஆப் நன்றாக வேலை செய்தது. பாட்டு, பாட்டு, பாட்டு. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் சரிதாவின் கால் மிஷினில் கொஞ்சம் மெதுவாகியது. பிறகு அடுத்த பாட்டு வந்தது. அன்றைக்கு ஒரு ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள்.

7

அருணா என்ன செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. (எழுதுகிறவனுக்கு எப்படிப் பிறகு தெரியும் என்று கேட்காதீர்கள். காலையில் எழுதிய பக்கத்தை மாலையில் படித்தபோது அவள் செய்துவிட்டிருந்தாள்.)

வளைவில் டவர் பிடித்ததும், பையிலிருந்து சரிதாவின் போனை எடுத்து, சதீஸ்குமாருக்கு அவளே ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்:

“சதீசு மாமா, நான் அருணா. இனிமே ஒரு நிமிஷத்துக்கு மேல பேசுங்க. கம்மியாப் பேசுனா அந்த ஆப்புல வராது.”

எந்த ஆப், ஏன் வராது, ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை போனைக் கொடுக்கும்போது அருணா திரையைக் குப்புறக் கவிழ்த்துக் கொடுத்தாள். “நான் கேக்கலக்கா,” என்றாள். அவள் கேட்டாளா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சரிதா மிஷினில் உட்கார்ந்து பாட்டைப் போட்டாள். இரண்டாவது பாட்டு முடிந்தது. கால் மெதுவாகியது. அப்போது, அறியப்படாத கலைஞர்:

“அருணா... நீதான மொதல்ல கேப்ப. கேட்டுக்கோ.” பின்னால் மில் மிஷின்களின் இரைச்சல். “சரிதா. சாப்ட்டியா? நான் சாப்ட்டேன். சோறு, கத்திரிக்கா கொழம்பு.” இரைச்சல். “கத்திரிக்கா வேவல.” நீண்ட இரைச்சல். யாரோ இருமுகிறார்கள். “நிமிஷம் ஆச்சாடா?” “இல்லண்ணா, பாதிதான் ஆயிக்குது. பேசு.” இரைச்சல். “இன்னாத்தப் பேசறது. அந்தப் பையில கீற போன்ல இன்னாத்தப் பேசறது. நானும் அந்த பஸ்ல போனவன்தான? அடுத்தவன் பொண்டாட்டிக்கு வந்ததெல்லாம் கேட்டுச் சிரிச்சவன்தான?” இரைச்சல், இரைச்சல். “பையில போட்டு அனுப்பாத சரிதா.” “ஆச்சுண்ணா!”

அடுத்த பாட்டு வந்துவிட்டது. நல்ல குத்துப் பாட்டு. சரிதா அதை நிறுத்தவில்லை.

ஐந்து விநாடிச் செய்திகள் எல்லாம் அவளுக்காகப் பேசியவை அல்ல என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் கேட்கும்போது சொல்லக்கூடியது சாப்பிட்டாயா என்பது மட்டும்தான். ஆனால் வருவானா, மாட்டானா? அதை இந்த ஒரு நிமிடத்திலும் அவன் சொல்லவில்லை.

8

முடிவுகள்.

(அ) சதீஸ்குமார் மறுநாள் காலை பையோடு வந்து இறங்குகிறான்.
(மில் சூப்பர்வைசர் விட மாட்டார். அவரைக் கதைக்குள் கொண்டுவந்து, சம்மதிக்க வைத்து, அதற்கு ஒரு பக்கம் ஆகும். விட்டேன்.)

(ஆ) அவனுக்கு அங்கே வேறு ஒரு
(வேண்டாம். வேகாத கத்திரிக்காயைப் பற்றிச் சொல்கிறவனுக்கு அதெல்லாம் இல்லை.)

(இ) சரிதா மலையில் இருந்து கீழே பார்க்கிறாள். மூடுபனி விலகுகிறது.
(பனியை எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. விலகட்டும்.)

9

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த பஸ் ஜமுனாமரத்தூர் போய், கொஞ்சம் நின்று, அப்படியே ஆலங்காயம் இறங்கும்.

சரிதா ஏறினாள். போன் கையில் இருந்தது, பையில் இல்லை. கடைக்கு ஞாயிறும் உண்டு என்பதால் அருணாவும் மடியில் மஞ்சள் பையோடு பக்கத்தில் இருந்தாள்.

“ஆலங்காயமாக்கா?” என்றாள் அருணா.

“தெரியல.”

“அத்தைக்குச் சொல்லவா, மாமாக்குச் சொல்லவா?”

“வாய மூடினு வா.”

வளைவு திரும்பியது. பைக்குள் ஆடுகள் கத்தின. அருணா வழக்கம்போல ஒரு போனை எடுத்து, சரிதாவைப் பார்த்து, திரும்பப் போட்டுவிட்டாள். சரிதா காதில் ஒயரை மாட்டியிருந்தாள். ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனுடைய எண்ணை அழுத்தினாள்.

போன் செய்தால் பாட்டு தானாக நின்றுவிடும். எந்த ஆப்பாக இருந்தாலும் சரி. அதற்கு செட்டிங்ஸ் கிடையாது.

மணி போய்க்கொண்டிருந்தது. நின்றபோதெல்லாம் மறுபடி அழுத்தினாள். ஷிப்டில் இருப்பான். தூங்கிக்கொண்டிருப்பான். எடுக்கப் போய்க்கொண்டிருப்பான். பஸ் ஜமுனாமரத்தூரில் வந்து நின்றது. அருணா பையோடு இறங்கிவிட்டாள். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் கோபால்சாமி பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வந்தார்.

“இன்னாம்மா, எறங்கறியா, ஆலங்காயம் டிக்கெட்டு குடுக்கவா?”

அவளுக்குக் கேட்கவில்லை. காதில் மணி போய்க்கொண்டிருந்தது. அவன் எடுத்தால் அவள் எழுந்து இறங்குவாள், நின்று பேசுவதற்கு. எடுக்காவிட்டால், டிக்கெட்.

நான் கண்டக்டருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒயரின் இன்னொரு முனை கிடைக்கவில்லை. என் காதில் இன்னும் சித்தப்பாதான் மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அருணா இறங்கிய இடம் காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்கள் உட்காரலாம். அங்கிருந்து அவள் முகம் தெரியும்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கோபால்சாமி விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு, உங்களைப் பார்க்கிறார்.

“கூட வந்தவங்கதான நீங்க? அந்தம்மா இன்னா சொல்றாங்க?”