வந்தவள் காலடி

வெள்ளைத்தாய் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஏழாம் மாதம், அவள் புருசன் மில்லில் பஞ்சுப் பொதி தூக்கியவன் அப்படியே சரிந்து செத்தான். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பம். வந்தவள் காலடி சரியில்லை என்று மாமியார் சுடலையம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டே பத்து வருசம் போனது.

1994-ல் மகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்தாள். மதுரை டாக்டர் ஸ்கேன் எடுத்தார், அப்பன் செத்த விதத்தையும் விசாரித்தார்.

"இதயத் தசை தடிச்சிருக்கு. அப்பா வழியில வந்தது. இவ ஓடக் கூடாது, தினமும் மாத்திரை போடணும். இவ சித்தப்பாவுக்கும் இருக்கலாம், அவரையும் கூட்டிட்டு வாங்க."

வெள்ளைத்தாய் பஸ் இறங்கி நேரே மாமியாரிடம் போனாள். "ஒங்க வீட்டு ரத்தத்துல வந்த சீக்கு அத்த, என் காலடியில்ல. சின்ன மகனையாச்சும் காப்பாத்துங்க."

சுடலையம்மாள் ரிப்போர்ட்டை அடுப்பில் போட்டாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொண்ணு பேசி முடிச்சாச்சு. கல்யாணம் முடியட்டும், பொறவு பாப்போம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அதே மில்லில் பொதி தூக்கும் கொழுந்தனோ சிரித்தான். "பொதி தூக்க ஏலாதவன்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான் மதினி?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலியறுத்தவள் எதிரே வரக் கூடாதென்று வெள்ளைத்தாயை அடுப்படிக்குள் நிறுத்திவிட்டார்கள். வாசலில் சுடலையம்மாள் புது மருமகளைக் கொஞ்சுவது அங்கேவரை கேட்டது.

"வலது காலை எடுத்து வச்சு வா, தாயி."