மெயினை அமத்துங்க அண்ணாச்சி

மாப்பிள்ளை சொல்லிவிட்டால் எங்கள் அச்சகத்தில் மறுபேச்சு கிடையாது. முதலாளி சண்முகவேல் அண்ணாச்சியின் மருமகன் கதிரவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பன்னிரண்டு வருடக் காலண்டர் படங்களையும் வெடிப்பெட்டி லேபிள்களையும் சேர்த்து வைக்க ஆறு சர்வர்கள் வாங்கினோம். அவற்றை ஓட்ட எந்த லினக்ஸைப் போடுவது, அதன் கருவான கெர்னல் எது என்பதில்தான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

நான் டெபியன் என்கிற லினக்ஸைச் சொன்னேன், பல வருடம் மாறாத பழைய கெர்னலோடு. அவர் கேட்டது வாராவாரம் தானே புதுசாகிற வேறொன்று.

"பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க ஆஷ்லின்."

எங்கள் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருள் தனியாக வருகிறது. கெர்னல் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். மூன்று தடவை சொன்னேன். காது கொடுத்தால்தானே!

மூன்று சர்வரில் அவருடையது, மூன்றில் என்னுடையது என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். அவருடையது வேகம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். தேர்வு கதிரவனுடையது, பொறுப்பு ஆஷ்லின் என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையெழுத்துப் போடு தாயி. இல்லேன்னா ஒண்ணாந்தேதியோட நின்னுக்க."

"போட மாட்டேன். ஆயுத பூசைக்குச் சூடம் காட்டிட்டு, மிஷினுக்கும் ஓய்வுன்னு யூபிஎஸ்ஸோட சேத்து மெயினை அமத்துவீகள்லா? அதை இப்பவே அமத்துங்க."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, உனக்கு எங்க பூசையைப் பத்தி என்ன?"

"வருசா வருசம் மறுநாள் வந்து எல்லாத்தையும் எழுப்புறது நாந்தானே அண்ணாச்சி!"

கதிரவன் சிரித்தார். "அமத்துங்க மாமா, பாத்துரலாம்."

அண்ணாச்சி மெயினை இறக்கினார். அறை இருண்டது. பத்து நிமிடம் கழித்து ஏற்றினார்.

என் மூன்றும் எழுந்து, பழைய படங்களைத் திறந்து காட்டின. அவருடைய மூன்றிலும் ஒரு டிஸ்க்குகூடத் தெரியவில்லை. போன வாரமே புதுக் கெர்னல் தானாக இறங்கிக் காத்திருந்திருக்கிறது. அணைத்து மறுபடி போட்டதும் சர்வர்கள் அதில் எழுந்துவிட்டன. கார்டின் டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை. சர்வருக்கு ஒன்றாகப் படத்துக்கு மூன்று பிரதி வைத்தும், மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன.

"பழைய கெர்னலுக்குத் திருப்பினா சரியாயிடும்" என்றார் கதிரவன்.

"ஆகும். சீசன்ல பூசைக்கு மறுநாள் சென்னையிலருந்து வந்து திருப்புவீகளா?"

நான் தாளை வாங்கி, கதிரவன் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டு, டெபியன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி அதையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே பூசைக்கு மெயினைத் தொடலை தாயி."

"தொடுங்க அண்ணாச்சி. வருசா வருசம் நல்லா அமத்துங்க. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."