பதில் எழுதக்கூடிய பதினெட்டுப் பேர்

தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வடகரை பாலியேட்டிவ் கிளினிக் அனுப்பும் மெயிலெல்லாம் ஸ்பாமில் போய் விழுந்துகொண்டிருந்தது. போன ஞாயிறு, படுத்த படுக்கையாக இருக்கும் கிழவர் குஞ்ஞிராமனுக்கு மூத்திரக் குழாய் மாற்ற நர்ஸோடு போக வேண்டிய மூன்று தொண்டர்களும் வரவில்லை. மெயிலை யாரும் பார்த்திருக்கவில்லை. வாட்ஸப்பில் போட்டது காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிட்டது. கிழவர் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்.

நர்ஸ் ரம்லத், ஊர்க்காரனும் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவனுமான பிரஜீஷைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் மனைவி ஷிம்னாவைக் கடைசி இரண்டு மாதம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டவள். அடுத்த ஞாயிறுக்குள் சரியாக வேண்டும் என்றாள்.

மெயில் கிளினிக்குடையதுதான் என்று சாட்சி சொல்ல எந்தப் பதிவும் இல்லை. கிளினிக் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்பதையும், மெயில் போலியல்ல என்று காட்டும் கையொப்பச் சாவியையும் அரை மணி நேரத்தில் சேர்த்தான். அறுநூற்று நாற்பது பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பியிருந்தார்கள். பாதி முகவரிகள் செத்தவை. நீக்கினான்.

ஸ்பாம் அனுப்பும் முகவரி என்ற கெட்ட பேர் மெதுவாகத்தான் போகும் என்றான். முதலில் முப்பது பேருக்கு மட்டும் அனுப்ப வேண்டும், அவர்கள் திறந்து பதிலும் எழுத வேண்டும். ரம்லத் பன்னிரண்டு பேரைச் சொன்னாள். மற்றவர்கள் வேலைக்கு வருவார்கள், எழுத மாட்டார்கள்.

"மீதி பதினெட்டு உன் ஆளுங்க."

"எனக்கு யாரும் இல்ல, இத்தா." அக்கா என்பதை அவளிடம் அப்படித்தான் சொல்வான்.

"உன் கல்யாணத்துல மூணாவது பந்தி வரைக்கும் எனக்கு இடம் கிடைக்கல. அவ்வளவு பேரும் எங்கடா போனாங்க?"

அவன் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஷிம்னா போனபோது ஆறுதல் சொல்லி நாற்பத்தொரு மெயில் வந்திருந்தது. பத்து மாதமாக ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அதில் பதினெட்டைப் பொறுக்கி, கிளினிக் முகவரியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினான். இது பிரஜீஷ். கிளினிக் மெயில் வருகிறதா என்று பார்க்கிறேன். ஸ்பாமில் கிடந்தால் வெளியே எடுத்துவிட்டு ஒரு வரி எழுது. அன்று நீ எழுதியது கிடைத்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்து பதில். சிலர் நீளமாக எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை போதும் என்று படிக்காமல் விட்டான். சனிக்கிழமை, மறுநாள் வேலைக்கான அறிவிப்பை ஐம்பது ஐம்பது பேராக அனுப்பினான்.

ஞாயிறு மூன்று பேரும் குஞ்ஞிராமன் வீட்டுக்குப் போனார்கள். ரம்லத் போனில் சொன்னாள். இதோடு நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், இன்னும் ஒரு மாதமாவது எழுதிப் பதில் வாங்க வேண்டும் என்று அவளிடம் சொன்னான்.

அதற்காகத்தான் நிகேஷின் பதிலைத் திறந்தான். கல்லூரியில் அறைத்தோழன்.

"வந்துச்சுடா. நீ பதிலே போடல, தொந்தரவு பண்றேனோன்னு நிறுத்திட்டேன். இனி எழுதலாமா?"

பிரஜீஷ் கிளினிக் மெயிலை மூடினான். பிறகு தன் சொந்த முகவரியிலிருந்து 'எழுது' என்று அனுப்பினான்.

அன்று அந்த முகவரிக்கு நிகேஷிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ மெயில் எதுவும் வரவில்லை.