பதின்மூன்று தாள் நன்றியுரை

உலகின் போக்கையே திருப்பவல்ல ஒரு பெருநிகழ்ச்சி, ஆண்டிறுதி விடுமுறையின் கடைசி நாள் மாலை நான்கரை மணிக்கு, ஒரு சிறு காவல் நிலையத்தின் முன்கூடத்தில் நிகழ்ந்ததெனச் சான்றோர்க்கு இதனால் அறிவிக்கின்றோம். மேலைமாடங்களின் விளிம்பெல்லாம் ஞாயிறு செம்பொன் பூசிக்கொண்டிருக்க, கடைத்தெருவின் விளக்குச் சரங்கள் ஒவ்வொன்றாய் விழிதிறக்க, பொதிசுமந்த மக்கள் திரள் வெள்ளமெனப் புரண்டு வீடு நோக்கிச் செல்ல, அவ்வெள்ளத்தின் நடுவே அசையாத் தீவெனக் கிடந்த அந்நிலையத்துள், நகர்நலப் பேரவைத் தலைவர் கஞ்சியிட்டு விறைத்த வெண்சட்டையும், அதனினும் விறைத்த கழுத்துமாய், உறுப்பினர் அறுவர் புடைசூழ எழுந்தருளினார். ஊரே ஓய்ந்திருந்த நாள்களில் ஓயாது காத்த காவலர்க்கு நன்றி நவிலவே அவ்வருகை.

நன்றியின் திருவுருவாய் இருவர் சுமந்து வந்தது ஒரு கனிக்கூடை. அதனை வீற்றிருக்கச் செய்யத் தக்க இடமெனத் தலைவர் தேர்ந்தது, தலைமைக் காவலரின் மேசைமேல் விரிந்து கிடந்த நிலையப் பொறுப்பேடு. வரும் புகாரும் மாறும் பொறுப்பும் அவ்வேட்டில்தான் பதியப்பெறும். பகற்காவலர் விடைபெறுங்கால் அவரும் அடுத்து வருபவரும் அருகருகே கையொப்பமிட்டாலன்றி, எவரும் இருக்கையைவிட்டு அகலலாகாது.

தலைமைக் காவலரோ அன்று அகன்றே ஆகவேண்டியவர். தொலைநகரில் வாழ்க்கைப்பட்ட மகள், ஒன்றரை வயதுப் பேரனுடன் நான்கு நாள் முன்னர் வந்திருந்தாள். அந்நான்கு நாளும் இரட்டைப் பொறுப்பேற்று நிலையத்துக் கட்டிலிலேயே கண்ணயர்ந்த அம்மனிதர், பேரனை ஒளிப்படத்திலன்றி நேரில் கண்டதில்லை. ஆறு மணித் தொடர்வண்டியில் அவர்கள் திரும்புகின்றனர். நிலையத்திலிருந்து நடைமேடைக்கு மிதிவண்டியில் இருபது நிமிடம்.

"ஐயா, கூடையைக் கொஞ்சம் நகத்திக்கலாமா? அடியில ஏடு மாட்டிக்கிட்டிருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி.

"பொறுத்தருள்க! பதின்மூன்றாம் தாளின் ஈற்றில் கூடையைத் தொட்டு வழங்குவதாக முறை வகுத்துள்ளேன். அதற்குமுன் தீண்டின் நிகழ்ச்சியின் மாண்பு குலையும்" என்றருளிய தலைவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, அண்டத்தின் தோற்றத்திலிருந்து தொடங்கினார். பேரவையின் பகையைத் தேடிக்கொள்ள விரும்பாத ஆய்வாளர், கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் கலையைக் கைக்கொண்டார். மணி ஐந்தாயிற்று. நான்காம் தாளும் முடிந்தது. உரையில் முதல் திருடன் இன்னும் பிறந்தபாடில்லை. புரளும் தாள் ஒவ்வொன்றும், நடைமேடையைவிட்டு நழுவும் வண்டியாகவே தலைமைக் காவலர் காதில் ஒலித்தது.

அவரை விடுவிக்க வந்து நின்ற பெண்காவலர் காதோடு முணுமுணுத்தாள்: "ஏட்டையா, அஞ்சேகால். நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

"கையெழுத்து இல்லாம எப்படிம்மா? இருபத்தேழு வருசத்துல ஒரு நாள்கூட அப்படிப் போனதில்லையே."

"அப்போ கூடையில ஒரு ஓட்டை போட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

அவர் சிரிக்க முயன்றார். கண் கலங்கியதே மிச்சம்.

அவ்வேளையில், காற்றைக் கிழித்து வரும் கணையெனக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண்மணி மேசைமுன் வந்து நின்றாள்.

"புகார் எழுதணும். ஆளைக் காணோம்."

"அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார் தலைமைக் காவலர்.

"வெள்ளைச் சட்டை. வாய் மூடாது. வீட்டுச் சாவி அவர் பையில. என் தம்பி குடும்பம் மொத்தமும் பெட்டி படுக்கையோட தெருவுல நிக்குது. மத்தியானம் 'இதோ வரேன்'னு போனவர்."

தலைவர் ஐந்தாம் தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். புகார் கொணர்ந்தவள் அவர் மனைவி.

ஆய்வாளர் கண்களில், உறங்கிக் கிடந்த சட்டம் துள்ளி எழுந்தது. "புகார் வந்தா அந்த நிமிசமே ஏட்டுல ஏத்தணும். கூடையை எடுங்கய்யா!"

அறுவரும் பாய்ந்து தூக்கினர். ஏட்டின் முகம் மீண்டும் வெளிச்சம் கண்டது. 'காணாமற்போனவர், புகார் கொடுத்த இடத்திலேயே சாவியுடன் கண்டெடுக்கப்பட்டார்' என இரண்டே வரியில் வழக்கை முடித்து, அதன்கீழ்த் தலைமைக் காவலர் கையொப்பமிட, மை உலருமுன் பெண்காவலரும் இட்டாள்.

"இன்னும் எட்டுத் தாள்..." என்றார் தலைவர், முதன்முறையாகச் சிறுத்த குரலில்.

"வீட்டுல வந்து படிங்க. நாங்க எல்லாரும் வெளிய போயிடறோம்" என்று கையைப் பற்றி இழுத்துச் சென்றாள் மனைவி. தாள்கள் மேசையிலேயே கிடந்தன.

"ஏட்டையா, பேரனுக்கு!" எனப் பெண்காவலர் எறிந்த ஆப்பிளைப் பிடித்தபடியே அவர் வாயிலைக் கடந்தார். வியர்வை சொட்டச் சொட்ட மிதித்து, வண்டி புறப்படப் பத்து நிமிடமிருக்க நடைமேடை சேர்ந்தார்.

"வர மாட்டீங்கன்னே நெனச்சேன்ப்பா" என்றாள் மகள்.

"பாராட்ட வந்துட்டாங்கம்மா. தப்பிச்சு வந்தேன்."

குழந்தை மீசையைக் கண்டு முதலில் மிரண்டு, பின்னர் சட்டைப்பையின் ஊதலைக் கண்டு சமாதானமாகி, தாத்தாவின் தோளுக்குத் தாவிற்று. நான்கு நாளின் அயர்வும் கோடைமழை பட்ட புழுதியென அடங்க, அச்சிறு சுமையின் வெம்மையில் அவர் நெஞ்சு நிறைய மூச்சுவிட்டார். பிறர் பண்டிகையைக் காப்போர்க்கும் ஒரு பண்டிகையுண்டு. பத்து நிமிடமேயெனினும் அது நிறைவானதே.

எட்டுத் தாள்களும் நிலையத்தில் கேட்பாரற்ற பொருள்களின் பெட்டியில் உள்ளன. இதுவரை எவரும் உரிமை கோரவில்லை.