சாமிக்கு ஒரு கல்

எனக்குக் கோவம் சட்டுனு வரும். மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் இன்னாடா இவ இப்பிடி எரிஞ்சு வுழறாளேன்னு நெனைக்காதீங்க. என் பேரு ஜெயம்மாள், ஊரு சின்னசேலம். கள்ளக்குறிச்சியில கொழந்தைங்க உரிமைக்குன்னு ஒரு சங்கம் இருக்குது. அதுல கல்வராயன் மலையப் பார்த்துக்கற வேலை எனக்கு.

எல்லாப் புள்ளைக்கும் பள்ளிக்கூடம்னு சட்டம் வந்து ரெண்டு வருஷம் தாண்டியிருந்தது. எங்க சங்கமும் இன்னும் பத்துப் பதினஞ்சு சங்கமும் சேர்ந்துக்கினு மெட்ராஸ் வரைக்கும் போயி, மனு மேல மனு குடுத்து, மலைக்கு ஆள் அனுப்பறோம்னு ஒரு பதில் வாங்கினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. அதைக் கறியாக்கற வேலை என் தலையில வுழுந்துது.

கொட்டாம்பாறைன்னு ஒரு ஊரு, முப்பது வூடு. பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தாண்ட நாலு கிலோமீட்டர். ஐப்பசியில ஓடை பெருகினா ரெண்டு மாசம் யாரும் போவ முடியாது. தை பொறந்தா தாய் தகப்பன் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போவாங்க. வுட்டுட்டுப் போவ எடமில்லாம புள்ளைங்களயும் இழுத்துக்கினு போவாங்க. அப்பிடிப் போன புள்ள திரும்பி வந்து புஸ்தகத்தத் தொட்டதா நான் பார்த்ததில்ல. ஊருக்குள்ளயே பள்ளிக்கூடம் வேணும்னா இருபது புள்ளைங்க இருக்கணும்னு ஆபீசுல சொல்லிட்டாங்க.

நோட்டும் பேனாவுமா கெளம்பிப் போனேன். "எத்தினி புள்ளைங்கக்கா?"ன்னு கேட்டா, "இருக்குதுங்க ஒண்ணு ரெண்டு"ன்னாங்க. எல்லா வூட்டுலயும் அதே பதில். விரல நீட்டி எண்ணினா முந்தானையில மறைக்கறாங்க. கடைசி வூட்டு இருசம்மா, ஏழு வயசு மக பாப்பாத்திய உள்ள தள்ளிக் கதவையே சாத்திட்டா. மூணு தடவ ஏறி எறங்கினேன். மூணாந்தடவ தாங்க முடியல. "உங்களுக்காக நாயா அலையறேன், எண்ணிக் காட்ட வலிக்குதா"ன்னு நடு ஊருல நின்னு கத்திட்டேன்.

ஊருக்குப் பெரியவரு முனியன் பொறுமையாதான் சொன்னாரு. "புள்ளைங்கள எண்ணினா கொறையும்மா. ஆட்டையே எண்ண மாட்டோம். கல்ல எண்ணிக்க. புள்ளைக்கு ஒரு கல்லு வீதம் கோயில் மரத்தடியில வெக்கச் சொல்றேன்."

மறுநாள் காலையில போயிப் பார்த்தேன். இருபது கல்லு. ஒண்ணுக்கு மூணு தடவ எண்ணினேன். சந்தோஷத்துல முனியனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கி, திங்கக்கெழம விழுப்புரம் கலெக்டர் ஆபீசுல இருபது புள்ளைங்கன்னு மனு குடுத்தேன்.

மார்கழிக் கடைசியில அதிகாரி தனசேகரன் வந்தாரு. நல்ல மனுசன், ஜீப்பு போவாத ரெண்டு கிலோமீட்டரும் நடந்தே வந்தாரு. ஊர் வழக்கத்த நான் சொல்லி வெச்சிருந்தேன். அதனால விரல நீட்டாம, புள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து பேரு சொல்லச் சொல்ல எழுதிக்கினாரு. பத்தொம்போதுல நின்னுபோச்சு.

"இன்னும் ஒண்ணு?"ன்னாரு.

நான் முனியன் பக்கம் திரும்பினேன். "இருபது கல்லு இருந்திச்சே பெரியவரே?"

"ஆமா. பத்தொம்போது புள்ளைங்களுக்கு. ஒண்ணு சாமிக்கு. சாமிக்கு வெக்காம எவனாவது கல்லு வெப்பானா?"

தனசேகரன் சிரிக்கல. "சாமிக்கு அட்மிஷன் போட முடியாதும்மா"ன்னு சொல்லிட்டு பைலை மூடினாரு. இனிமே அடுத்த வருஷம்தான் கணக்கு எடுப்போம்னாரு. அதுக்குள்ள பாதிப் புள்ளைங்க மொளகுத் தோட்டத்துல இருக்கும்.

பேரு சொன்னதுல பாப்பாத்தி மட்டும் இல்ல. இருக்குற கோவமெல்லாம் இருசம்மா மேல திரும்பிச்சு. கடைசி வூட்டுக்கு ஓடினேன். பயணத்துக்கு மூட்ட கட்டிக்கினு இருந்தா. "ஒரே ஒரு கல்லு வெச்சிருந்தா போதுமே யக்கா, உன்னால இத்தினி புள்ளைங்க பொழப்பு போவுது"ன்னு கொட்டித் தீர்த்தேன்.

அவ மூட்டய வுட்டுட்டு நிமிந்தா.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனக்கணக்கு எடுக்க ஒருத்தரு வந்தாரு. எம்மூத்தவன் ராசுவ எழுதிக்கினாரு. செவுத்துல நம்பரும் போட்டாரு. ஆடி மாசம் ராசுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூளி கட்டித் தூக்கிக்கினு போனோம். பாதி வழியில போயிட்டான்."

"அது எண்ணினதால இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா? எண்ணினா யாரும் சாவ மாட்டாங்க. ஆனா எழுதிக்கினு போனவரு, அந்தப் புள்ள இருக்குதா இல்லியான்னு திரும்பி வந்து பார்த்தாரா? பேர எடுத்துக்கினு போவத் தெரியுது. புள்ள போச்சுன்னா கேக்க ஒரு ஆளு இல்ல. இன்னாத்துக்கு நான் குடுக்கணும்?"

மூணு தடவ வந்தவ, ஏன்க்கான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்திச்சு.

"இவ பேர எழுதினா நீ வருவியா?"ன்னா.

எல்லாம் ஆயிடும்னு சொல்லிச் சொல்லிப் பழகின வாயிது. மந்திரிகிட்டயே கூசாம சொல்லும். அவ மூஞ்சியப் பார்த்து அப்பிடி வரல. என்னால முடிஞ்சத மட்டும் சொன்னேன். "மாசம் ஒரு தடவ வருவேன்க்கா."

இருசம்மாவே மகளக் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போனா. அதிகாரி பாதி எறக்கம் எறங்கிட்டாரு. அங்கயே ஒரு பாறை மேல பைலை வெச்சுத் தொறந்தாரு. பாப்பாத்தி தன் பேரத் தானே சொன்னா.

ஆனி மாசம் முனியன் கொட்டாயில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் சங்கத்துல என்னைத் திருக்கோவிலூர் பக்கம் மாத்திட்டாங்க. ஆனாலும் மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பஸ் ஏறி மலைக்குப் போறேன். இருசம்மா வூட்டு வாசல்ல நின்னு, "பாப்பாத்தி எங்கக்கா?"ன்னு கேக்கறேன். ராசுவ அப்பிடி யாரும் வந்து கேக்கல.