எட்டு மாதம் எதுவும் நடக்காத இல்லம்

சோதனைக்காகச் சமூக சேவைத் திணைக்களத்து அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஏழரைக்கே அன்ரோனெற் முதியோர் இல்லத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். தரை கழுவியாகிவிட்டது. மருந்து அலுமாரி பூட்டியிருந்தது. தன் கந்தோர் அறை மேசையில் சம்பவப் புத்தகத்தை அவளே எடுத்து வைத்தாள். முதியவர்களில் யாராவது விழுந்தால், மருந்து மாறினால், அதில்தான் எழுத வேண்டும். எட்டு மாதமாக அதில் ஒரு வரியும் இல்லை. அதில் அவளுக்குப் பெருமைதான்.

இருபத்தாறு வருடம் அரசாங்க ஆசுபத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். மன்னார்த் தீவின் கரையில் முப்பது முதியவர்கள் இருந்த இந்த இல்லம் சீர்கெட்டுக் கிடந்தபோது, நிர்வாகத் தலைவர் சிங்கராசா வீடு தேடி வந்து கேட்டு அவளைப் பொறுப்பாக்கினார். ஒரு வருடத்தில் படுக்கைப் புண்கள் ஆறின, நாற்றம் போனது. வேலைக்காரர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

சோதனைக்கான கணக்கு வேலையில் இரண்டு நாள் சாப்பாட்டு மண்டபத்துப் பக்கம் போகாதவள் அன்று காலை போனபோது, முதியவர்களில் மாக்கிறட் அம்மாவைக் காணவில்லை. நேற்றிலிருந்து உடம்பு நோ, நோவுக்குப் பனடோல் கொடுத்திருக்கிறோம் என்று பராமரிப்பாளர் கிறேஸ் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் நிலத்தில் இருந்தது. அன்ரோனெற் அறைக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு முறிவு. யாரும் சொல்லத் தேவையில்லை.

“எப்ப விழுந்தனீங்கள் அம்மா?”

எண்பத்தொரு வயதுக் கிழவி வாசலில் நின்ற கிறேஸைப் பார்த்தாள். “நான் விழேல்லப் பிள்ளை” என்றாள். உதடு வெளுத்திருந்தது.

அம்புலன்ஸ் வந்து மாக்கிறட் அம்மாவை ஏற்றிப் போனபோது எட்டரை. பகல் வேலையில் இருந்த ஐந்து பேரையும் அன்ரோனெற் சாப்பாட்டு மண்டபத்தில் நிறுத்தினாள். யார் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா விழுந்தவ என்று கேட்டாள். பொலிசுக்குச் சொல்லுவேன், ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்றாள். அவர்கள் இன்னும் இறுகினார்கள்.

கடைசியில் கைருன்னிசா ஓரடி முன்னுக்கு வந்தாள். உப்புக்குளத்துக்காரி, முதியவர்களுக்குச் சோறு தீத்துவதில் அவளைப்போல் பொறுமை யாருக்கும் இல்லை. முந்தநாள் காலை குளிப்பாட்டிவிட்டுத் துடைக்கத் துவாய் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அம்மா ஈரத்தில் சறுக்கிவிட்டாவாம். கிறேஸும் அவளும் தூக்கி நிறுத்த, பிடித்துக்கொண்டு நின்றாவாம். ஒன்றுமில்லை என்று நினைத்தார்களாம். பின்னேரம் கால் ஊன்ற ஏலாமல் போனபோது சொல்லப் பயம் வந்துவிட்டதாம்.

“ரெண்டு நாள் அந்த மனுசி நோவோட கிடந்திருக்கிறா. ஏன் என்னட்டச் சொல்லேல்ல?”

“பெற்றிசியா சொன்னவ, மிஸ்.” கைருன்னிசா அவளை நேரே பார்த்துச் சொன்னாள். “எட்டு மாசத்துக்கு முந்தி, ஒரு ஐயாவுக்கு மருந்துக் குளிசை மாறிக் குடுத்திட்டன் எண்டு தானே ஓடி வந்து சொன்னவ. அதாலதானே அந்த ஐயாவைக் காப்பாத்தினீங்கள். பின்னேரமே அவவை வேலையால நிப்பாட்டிப் போட்டியள். அண்டையோட நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல. இடையில இன்னும் ரெண்டு பேர் விழுந்தவை. உங்களுக்குத் தெரியாது.”

அன்ரோனெற் பக்கத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். பெற்றிசியாவை நிறுத்தியது மற்றவர்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான். பாடத்தை அவர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

விழுந்த மற்ற இருவரின் பெயரையும் நாளையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது விசயம் கேள்விப்பட்டுச் சிங்கராசா தொலைபேசியில் அழைத்தார். கெட்ட மனிதர் அல்ல. இந்தக் கட்டடத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர்.

“இண்டைக்கு விடியத்தான் விழுந்தவ எண்டு சொல்லுங்கோ மிஸ். ரெண்டு நாள் எண்டா இல்லத்தைப் பூட்டிப் போடுவாங்கள். முப்பது பேரும் எங்க போறது?”

அன்ரோனெற் எழுதிய தாளை மடித்தாள். “என்னால ஏலாது ஐயா” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

திணைக்கள அதிகாரி அமிர்தநாயகம் வந்து கதிரையில் இருக்குமுன்னமே எல்லாவற்றையும் சொன்னாள், பெற்றிசியாவின் கதை உட்பட. அவர் சம்பவப் புத்தகத்தை வாங்கி வெறும் பக்கங்களைப் புரட்டினார். மத்தியானம் வரைக்கும் அறை அறையாகப் பார்த்தார், ஒவ்வொருவரையும் தனியே விசாரித்தார். முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. இல்லம் பூட்டப்படவில்லை. ஆறு மாதக் கண்காணிப்பு, அன்ரோனெற்றுக்கு எழுத்தில் எச்சரிக்கை. கைருன்னிசாவை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி நிர்வாகம் நெருக்கியது. அப்படியென்றால் தானும் போவதாக அன்ரோனெற் சொன்னதும் விட்டுவிட்டார்கள்.

மாக்கிறட் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, நடை மட்டும் திரும்பவில்லை. கைருன்னிசா அவவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அன்ரோனெற் கந்தோர்க் கதவில் வந்து நின்று பார்த்தாள். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்கப் பெற்றிசியாவின் வீட்டுக்கும் ஒரு நாள் போனாள். பெற்றிசியா வாசல் படலையைத் திறக்கவில்லை. வெளியில் நிற்கவைத்தே கேட்டுவிட்டு, தான் இனி அங்கு வரப்போவதில்லை என்றாள்.

மாரி மழை தொடங்கிய வாரம் கிறேஸ் கந்தோர் வாசலில் வந்து நின்றாள். இரவு ஒரு ஐயாவின் கட்டில் தடுப்பை ஏற்றிவிட மறந்துவிட்டாளாம். அவர் விழவில்லை, ஆனால் விளிம்பில் கிடந்தாராம். அன்ரோனெற்றுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இத்தனைக்குப் பிறகுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கிறேஸின் கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது.

“உள்ள வாங்கோ கிறேஸ்” என்றாள், தன் குரல் தனக்கே பழக்கமில்லாமல். “இருந்து சொல்லுங்கோ.”