தீட்டில்லாத சாமி

மெழுகுவர்த்திப் பொதியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு இராஜகுமாரி வாசலுக்கு வந்தபோது, மகன் சுதேஷின் அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"செத்த வீட்டுப் பொம்பள இப்படி வெளிக்கிட்டா ஊரு என்ன சொல்லும் அண்ணி?"

அன்று காலையில்தான் அவள் புருசன் மயில்வாகனம் போய்ச் சேர்ந்திருந்தார். மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்தபடியே இரண்டாவது தேத்தண்ணி கேட்டார். அது வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். கேட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் அவர் இடத்தைக் காலி செய்தது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை. உடலைப் பதப்படுத்த மலர்ச்சாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பெட்டி வீடு திரும்பப் பின்னேரமாகும். அதற்குள் ஏரிக்கரைத் தேவாலயத்துக்குப் போய் ஒரு நேர்த்தியை முடிக்கவேண்டும், முடிக்காமல் அவர் முகத்தில் முழிக்க முடியாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். சொட்டுக் கண்ணீர் கூட விடவில்லை. அவளைத் தனியே விட மனமில்லாமல் சுதேஷும் செருப்பை மாட்டினான்.

அழ வந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டம் பேசத் தொடங்கியது. தீட்டோடு கோயில் படி மிதிக்கக்கூடாது என்பது அத்தையின் கட்சி. அது நம்முடைய கோயிலுக்கு, வேதக்கோயிலுக்கு அந்தக் கணக்கு உண்டா என்று பெரியப்பா ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். ஐயருக்கே போன் எடுத்தார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, வெள்ளைக்காரன் கட்டின கோயிலைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றுமில்லை என்று கழன்றுகொண்டார்.

"அந்தச் சாமிக்குத் தீட்டு இல்ல," என்றாள் இராஜகுமாரி. "அவரே செத்து எழும்பினவருதானே."

அத்தை ஒதுங்கி நின்று வழியை விட்டாள்.

பக்கத்து வீட்டு மஹ்ரூப்தான் த்ரீவீலை எடுத்தார். மய்யித்து வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், கண்டி டவுனில் அன்றைக்குச் சனநெரிசல் அதிகம் என்பதையே மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா மூன்றுக்கும் தலையாட்டினாள்.

புத்தரின் பல் இருக்கிற மாளிகைக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி, சிவப்புச் செங்கல்லில் நிற்கிற பழைய தேவாலயம் அது. ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டிவரும்போது மழைக்கு உள்ளே ஒதுங்கியதாகச் சுதேஷுக்கு ஞாபகம். அப்பா வாங்கில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். அம்மா மட்டும் முன்னால் போய் நின்று கைகூப்பினாள். அவருடைய நெஞ்சுவலி தீரவேண்டும் என்று கும்பிடுகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

உள்ளே தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தவர் தெல்தோட்டைப் பக்கத்து ஆள். மெழுகுவர்த்தியைக் கண்டதும் அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இங்கே நேர்த்திக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிற வழக்கமில்லை, அதற்கு அந்தோனியார் கோயில்தான் சரி, த்ரீவீலில் போனால் கிட்டத்தான் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"நான் கேட்டது இவருகிட்ட," என்றாள் அம்மா. "குடுத்ததும் இவரு. அவருக்கு எப்படிப் போய்க் கொளுத்துறது?"

அவர் யோசித்துப் பார்த்தார். அது நியாயம் என்று பட்டிருக்கவேண்டும். ஒரு பால்மா டின்னில் மண்ணள்ளிக் கொண்டுவந்து பக்கக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். சுவரில், காய்ச்சல் கண்டு செத்த வெள்ளைக்கார வாலிபர்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் மினுங்கின. அம்மா அவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள். சுதேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா குடுத்தாரு? அப்பாவுக்குச் சுகமாகணும்னுதானே கேட்டீங்க? அவருதான் போயிட்டாரே."

அம்மா நெருப்புக்குச்சியைத் தட்டினாள். முதல் குச்சி அணைந்தது.

"சுகமாகணும்னு கேக்கல. எனக்கு முந்திப் போகணும்னு கேட்டேன்."

பூவோடும் பொட்டோடும் போகவேண்டும் என்று கேட்கிற பெண்களைத்தான் அவனுக்குத் தெரியும். இப்படி ஒரு வரம் கேட்டவளை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

"நம்ம கோயில்ல எப்படிடா கேக்கிறது? ஐயரு குங்குமத்தக் குடுத்து தீர்க்க சுமங்கலியா இருங்கிறாரு. அத வாங்கிக்கிட்டு இதக் கேட்டா முருகன் என்ன நெனப்பாரு? இங்கன்னா என்னையத் தெரிஞ்சவங்க யாருமில்ல."

இரண்டாவது குச்சி பற்றியது.

"நான் முந்திப் போயிருந்தா, மீன்ல முள்ளெடுக்கத் தெரியாத மனுசன் என்ன பண்ணியிருப்பாரு? உன் வீட்டுல கொஞ்ச நாளு, தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாளு. ரெண்டாவது தேத்தண்ணி கேக்க அவருக்கு வாய் கூசும்டா."

அப்படி நடந்திருக்காது என்று சொல்லச் சுதேஷ் வாயெடுத்தான். மனைவியின் முகமும் தன் வீட்டின் சின்னக் குசினியும் நினைவுக்கு வந்தன.

அப்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து தங்கச்சி நிரஞ்சனி. மலர்ச்சாலையில் அப்பாவுக்கு உடுப்புப் போடுகிறார்களாம். ஏதாவது சொல்லவேண்டியிருக்கிறதா என்று கேட்கிறார்களாம். சுதேஷ் அம்மாவைப் பார்த்தான்.

"சட்டையில மேல் பொத்தானப் பூட்டவேணாம்னு சொல்லு. அவருக்குக் கழுத்து இறுகும்."

அவன் அதை அப்படியே சொன்னான். நிரஞ்சனிக்குச் சரியாக விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அம்மா டின்னுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, முந்தானையை விரித்து, சுடர் அணையாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.